வாசலுக்கு வரும் மண்புழு: நாய், பூனை, கோழி இருக்கிற வீட்டுக்கு எந்த வழி ஆகும்?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அந்த இரண்டு மாதமும் முன்வாசலிலோ வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியிலோ சிமெண்ட், பேவர் பிளாக், டைல்ஸ் என்று எதையாவது போட்டிருக்கிற வீடுகளில் விடியற்காலை கதவைத் திறந்தால் தரையெங்கும் மண்புழு. காலில் நசுங்குகிறது, வெயில் ஏறியதும் காய்ந்து தரையோடு ஒட்டிக்கொள்கிறது, நாய் அதன்மேல் நன்றாகப் புரண்டுவிட்டு அந்த நாற்றத்தோடு வீட்டுக்குள் வருகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி, ஆடிச் சாரலிலேயே இது ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் இருக்கிறது. உப்பு, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், பினாயில், தோட்டத்துக்கு வாங்கிய குருணை மருந்து, வேப்பம் புண்ணாக்கு, மஞ்சள்தூள், ராத்திரி லைட், ஓரத்தில் ஜல்லி, தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் வாட்டம், அதாவது சரிவு, எடுப்பது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இதில் பாதியைத் தொடவே கூடாது. மீதியில் எது யாருக்கு ஒத்துவரும் என்பதைத்தான் எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புழுவைக் கொல்வதற்குச் செலவழிக்கிற காசை, வாசலில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பதற்குச் செலவழியுங்கள். கொல்கிற எதுவும் மழையில் கரைந்து போகும், அல்லது நாயின் பாதத்தில் ஒட்டும், பெரும்பாலும் இரண்டும் நடக்கும்.

முதலில் புழு ஏன் மேலே வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்த வழி வேலை செய்யும் என்பது இதில்தான் இருக்கிறது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் ஈரமாக இருந்தால்தான் அதுவும் நடக்கும். காற்றில் ஆக்சிஜன் பரவுகிற வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அது பல ஆயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது, அதனால் மண்ணின் துளைகளெல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டால் சில வகைப் புழுக்களுக்குக் கீழே இருப்பது கஷ்டமாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. மழை ராத்திரியில் மண்ணின் மேல்பரப்பு முழுக்க ஈரம் என்பதால், காய்ந்து போகும் பயமில்லாமல் வெகுதூரம் ஊர்ந்து புது இடம் பிடிக்க அதற்கு அதுதான் நல்ல நேரம். அப்படி ஊர்ந்து வருகிற புழு வாசல் சிமெண்ட்டில் ஏறிவிட்டால் துளைத்து இறங்க வழியில்லை, விடிந்ததும் வெயிலில் மாட்டிக்கொள்கிறது. அதாவது அது நம் வாசலைத் தேடி வரவில்லை, வழியில் வாசல் குறுக்கே வந்துவிட்டது. வாசல் ஓரத்து மண் சொதசொதவென்று இருக்கிற வரை எத்தனை புழுவைக் கொன்றாலும் அடுத்த மழைக்கு வேறு புழு வரும்.

சரி, ஆகாத வழிகளுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு பக்கத்து வீட்டார் சொல்வதெல்லாம் இவைதான்.

உப்பு. "ஒரு பிடி கல்லுப்பத் தூவி உடுங்க, ஒண்ணு வராது" என்பார்கள். புழுவின் உடம்பிலிருக்கிற நீரை உப்பு உறிஞ்சிவிடும், புழு துடித்துச் சாகும், அது உண்மை. ஆனால் மழையில் உப்பு எத்தனை நேரம் நிற்கும்? கரைந்து ஓரத்து மண்ணுக்குள் இறங்கும். போர்வெல்லில் உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீர் வருகிற ஊர்கள் நம் பக்கம் எத்தனையோ, அந்த மண்ணில் இன்னும் உப்பைச் சேர்த்தால் ஓரத்தில் வைத்திருக்கிற செம்பருத்தியும் கறிவேப்பிலையும் முதலில் கருகும். கம்பி போட்டுக் கட்டிய தளத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். நாய்க்கு வந்தால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் உப்பு உள்ளே போனாலே வாந்தி, தள்ளாட்டம் என்று தொல்லை தொடங்கலாம், 4 கிராம் அளவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்பது கால்நடை மருத்துவக் கணக்கு. 10 கிலோ நாய்க்கு 20 கிராம் என்பது ஒரு பெரிய கரண்டி உப்புதான். உப்பில் துடித்துச் செத்த புழுவை நக்கித் தின்கிற நாய்க்குட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டியின் எடை இதில் பாதிகூட இருக்காது.

சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் உப்பைவிட மோசம். சுட்ட சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும், நீற்றிய சுண்ணாம்பும் நல்ல காரம். ஈரப் பாதத்தோடு அதன்மேல் நடக்கிற நாய்க்கு விரலிடுக்கு வெந்துபோகும், பிறகு அது பாதத்தை நக்கும், வாயும் நாக்கும் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மழைக்காலத்தில் சாக்கடை ஓரம் தூவுகிறார்களே, நாமும் வாசலில் தூவினால் என்ன என்று பிளீச்சிங் பவுடரை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது கிருமிக்கான மருந்து, புழுவுக்கானது இல்லை. அதன்மேல் பாத்ரூம் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது நாய்க்கு மட்டுமில்லை, வாசலில் விளையாடுகிற குழந்தைக்கும் ஆகாது. அடுப்புச் சாம்பலும் நனைந்தால் காரம்தான், அளவு குறைவு என்பதால் ஆபத்து குறைவு, பலனும் குறைவு.

பூனை வீட்டார் தனியாகக் கவனிக்க வேண்டியது பினாயில். கறுப்பு பினாயிலில் இருப்பது பீனால் வகைச் சரக்கு. நாயும் மனிதனும் ஓரளவுக்கு அதை ஈரலில் மாற்றி வெளியே தள்ளிவிடலாம், பூனைக்கு அந்த வேலையைச் செய்கிற நொதி மிகக் குறைவு. பூனை எதையும் குடிக்க வேண்டியதில்லை, பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டு வழக்கம்போல் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும். வெள்ளை பினாயில் தேவலையா என்று கேட்பார்கள். அதில் பைன் எண்ணெய் இருக்கும், பூனைக்கு அதுவும் ஆகாது. எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸிலும் பொடியிலும் இருக்கிற பைரெத்ராய்டு மருந்தும் அப்படியே. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பூனைக்கும் சேர்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

இதையெல்லாம்விடப் பயப்பட வேண்டியது குருணை மருந்து. தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் வாழைக்கோ நெல்லுக்கோ வாங்கிய கார்போஃபியூரான் குருணை, தோட்டத்து வீடான சாளையில் ஒரு மூலையில் கிடக்கும், ஒரு கைப்பிடி எடுத்து வாசல் ஓரத்தில் போட்டால் புழு சாகும் என்பதும் உண்மைதான். ஆனால் அது நரம்பைத் தாக்குகிற விஷம். கோழி அதைக் குருணை அரிசி என்று கொத்தும், செத்த குருவியையோ ஓணானையோ நாய் தூக்கிவந்து தின்னும், எச்சில் ஒழுகி வலிப்பு வந்து, டாக்டர் வருவதற்குள் முடிந்துபோகும். திம்மெட் என்று நம்மூரில் சொல்கிற போரேட் குருணைக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய டப்பா எங்காவது மீதி இருந்தால் அதற்கு வாசலில் வேலையில்லை. மயில்துத்தமும் நத்தை மருந்தும் இந்த வரிசையில்தான். நத்தைக்கு வைக்கிற மெட்டால்டிஹைடு வில்லைக்கு நாயை இழுக்கிற ருசி உண்டு, தின்றால் வலிப்பு.

இயற்கை முறை என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்குப் புண்ணாக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேப்பம் புண்ணாக்கு கசப்பு, நாய் அவ்வளவாகத் தொடாது, பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் அதை மண்புழு விரட்டி என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மட்கியதும் அது உரம், மட்கு இருக்கிற இடத்துக்குத்தான் புழு வரும். ஆமணக்குப் புண்ணாக்கு, அதாவது கொட்டமுத்துப் புண்ணாக்கு, முற்றிலும் வேறு கதை. கொட்டமுத்துவில் ரிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது, எண்ணெய் ஆட்டிய பிறகு அது எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கும். நாய்க்கு அந்த வாசனையும் ருசியும் பிடிக்கும் என்பதுதான் கொடுமை. இயற்கை உரம் என்று மூட்டையில் வருகிற கலவைகளில் கொட்டமுத்துப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் சேர்ந்தே இருப்பதுண்டு, எலும்பு வாசனைக்கு நாய் வந்து இரண்டையும் சேர்த்துத் தின்னும். வாசல் ஓரத்துத் தொட்டிக்குப் போடுவதற்கு முன்னால் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மஞ்சள்தூள் கெடுதல் இல்லாதது, ஈரோட்டுக்காரர்கள் வீட்டில் தாராளமாகவும் இருக்கும், ஆனால் ஒரு தூறலுக்குக்கூடத் தாங்காது. மிளகாய்த்தூள் நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் வேதனை, வேண்டாம். டயட்டோமைட் பொடி என்று ஆன்லைனில் விற்பது காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும், மழையில் அது வெறும் சேறு.

கடுகுத்தூளில் ஒரு வேடிக்கை உண்டு. கடுகுத்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் புழு ஓடிவிடும் என்று சொல்கிறார்கள், ஓடத்தான் செய்யும், ஆனால் மேலே. ஒரு நிலத்தில் எத்தனை புழு இருக்கிறது என்று எண்ணுகிற ஆராய்ச்சியாளர்களே கடுகுக் கரைசலை ஊற்றித்தான் புழுவை மண்ணுக்கு வெளியே வரவைக்கிறார்கள். பூந்திக்கொட்டை, சீயக்காய், சோப்புத் தண்ணீருக்கும் ஏறக்குறைய இதே குணம், அவற்றிலிருக்கிற நுரைக்கிற பொருள் புழுவின் தோலை எரிக்கும். ஆக மழை நாளில் வாசல் ஓரத்தில் இவற்றை ஊற்றினால் இருக்கிற புழுவெல்லாம் வாசலுக்கு வரும். ஆனால் இதையே நல்லபடியாகப் பயன்படுத்தலாம். ஓரத்தில் ஜல்லிப் பட்டை போடுவதற்கு முன்னால் அந்த ஒரு அடி அகல மண்ணில் கடுகுத் தண்ணீரை ஊற்றி, மேலே வருகிற புழுவைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, தென்னந்தோப்பிலோ வாழை மரத்தடியிலோ விட்டுவிட்டால் தோண்டும்போது வெட்டுப்படாது. அந்த நேரம் நாயைக் கட்டி வையுங்கள், கடுகு அதன் வயிற்றுக்கு ஆகாது.

இனி ஆகிற வழிகள். இவற்றில் செலவே இல்லாதது கூட்டுவது. மழை விட்ட விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், தென்னமாறால் மெதுவாகக் கூட்டி முறத்திலோ இரும்புச் சட்டியிலோ அள்ளிச் செடிக்கடியில் போட்டால் முடிந்தது. புழு உயிரோடிருக்கும்போது கூட்டினால் தரையில் கறை நிற்காது, காய்ந்த பிறகுதான் சுரண்ட வேண்டிவரும். வாசல் தெளிக்கிற பழக்கமுள்ள வீட்டில் இது தனி வேலையே இல்லை. குறை என்னவென்றால் தினமும் செய்ய வேண்டும், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் நடக்காது.

கோழி வளர்க்கிறவர்களுக்கு அதைவிடச் சுலபம். சிறுவிடைக் கோழி நாலைந்தைக் காலையில் வாசலில் திறந்துவிட்டால் புழுவை விட்டு வைக்காது. ஆனால் வாசல் முழுக்க எச்சம், ஒன்றைக் கழுவ வந்து இன்னொன்றைக் கழுவுகிற கதை. அப்புறம் மண்புழு வழியாகக் கோழிக்குக் குடல் புழு தொற்றுவது உண்டு, குடற்புழு மருந்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். நாய், பூனைக்கும் இது பொருந்தும். மண்புழுவை ஒன்றிரண்டு தின்பதால் நாய்க்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் உருண்டைப் புழுவின் முட்டை அதன் உடம்பில் இருக்கலாம். டாக்டர் சொல்கிற இடைவெளியில், பொதுவாக வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருந்து கொடுத்துவிட்டால் கவலையில்லை.

அடுத்தது ஈரத்தைக் குறைக்கிற வேலைகள். இதிலும் பெரிய செலவு கிடையாது, ஆனால் பலன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பூந்தொட்டிகளை வாசலில் தரையோடு வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், தொட்டிக்கடியிலும் தட்டுக்கடியிலும்தான் புழு பகலில் தங்குகிறது. நாய் படுக்கிற சாக்கு நனைந்தால் அன்றே எடுத்து உலர்த்துங்கள், ஈரச் சாக்குக்கடியில் கையை விட்டால் எத்தனை புழு என்று தெரியும். அதற்குப் பழைய கயிற்றுக் கட்டிலைக் குட்டையாக வெட்டிப் போட்டால் நாயும் காய்ந்த இடத்தில் படுக்கும். செடிக்குச் சாயங்காலம் தண்ணீர் விடுவதைக் காலைக்கு மாற்றுங்கள், ராத்திரி ஓரம் கொஞ்சம் உலர்ந்திருக்கும். சருகு, மட்டை, சாணிக் குப்பை ஆகியவற்றை வாசலை ஒட்டி வைக்காதீர்கள். மண்புழு உரத் தொட்டி வைத்திருக்கிற வீடுகள் இப்போது நிறைய, நல்ல விஷயம்தான், ஆனால் அந்தத் தொட்டி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் மழை ராத்திரியில் தப்பித்து வருவது அந்தப் புழுக்களாகவும் இருக்கலாம். சாணிக் குப்பையில் வாழ்கிற நம் நாட்டுப் புழு பெரியோனிக்ஸ் மழை வந்தால் கூட்டமாகக் கிளம்பிவிடுகிற ரகம். தொட்டிக்குமேல் கூரை போட்டு, ஈரம் மிஞ்சாமல் பார்த்து, முடிந்தால் வாசலிலிருந்து தூரமாக மாற்றுங்கள்.

லைட் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. புழுவுக்குக் கண் கிடையாது, ஆனால் தோலால் வெளிச்சத்தை உணர்ந்து விலகும். வெள்ளை வெளிச்சத்துக்கு விலகும், சிவப்பு வெளிச்சத்தை அவ்வளவாக உணராது. அதனால் சின்ன போர்டிகோவில், மண்ணும் தரையும் சேர்கிற ஓரத்தைப் பார்த்து, தாழ்வாக ஒரு சிறிய வெள்ளை எல்இடி போட்டால் கொஞ்சம் குறையும். பெரிய வாசலுக்கு இது போதாது, மேலும் அதே வெளிச்சத்துக்கு ஈசல் வரும், ஈசலுக்குத் தவளை வரும், தவளையை நாய் கவ்வும். தேரை என்றால் அதன் தோல் விஷத்துக்கு நாய் நுரை தள்ளும். எனக்கு இந்த வழியில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

சொந்த வீடு என்றால் மூன்று கட்டட வேலைகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம்: ஓரத்தில் ஜல்லிப் பட்டை, பேவர் பிளாக் இடுக்கை அடைப்பது, வாட்டம் எடுப்பது.

ஜல்லிப் பட்டைதான் செலவுக்கு ஏற்ற பலன் தருவது. வாசல் தளத்தை ஒட்டி ஒரு அடி அகலம், அரையடி ஆழம் தோண்டி, மண்ணை எடுத்துவிட்டு ஜல்லியால் நிரப்புவது. தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், தின்ன மட்கும் இல்லை, ஈரமும் தங்காது, சொரசொரப்பான கல்லின் மேல் ஊர்வது மெல்லிய தோல்காரனுக்குக் கஷ்டம். கொட்டுகிற மழையில் ஒன்றிரண்டு தாண்டி வரத்தான் செய்யும், முழுச் சுவர் என்று எதிர்பார்க்கக் கூடாது. கணக்கு சுலபம்: 40 அடி நீளத்துக்கு 20 கன அடி ஜல்லி, யூனிட் என்பது 100 கன அடி என்பதால் ஐந்தில் ஒரு பங்குதான். கால் யூனிட்டுக்காக லாரி வராது, பக்கத்தில் எங்காவது வீடு கட்டுகிற வேலை நடந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

எந்த ஜல்லி என்பதில்தான் வளர்ப்புப் பிராணி வீட்டார் யோசிக்க வேண்டும். எம்-சாண்ட் போட்டால் பூனை அதைக் கக்கூஸாக்கிவிடும், தினமும் அள்ள வேண்டிவரும். கிரஷர் பொடி இறுகி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்னக் கூழாங்கல் அழகாக இருக்கும், ஆனால் கடிக்கிற வயசு நாய்க்குட்டி விழுங்கினால் குடல் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். 20 மி.மீ. ஜல்லியை நிரப்பி, மேலே குட்டியின் வாய்க்குள் போகாத அளவு பெரிய உருண்டைக் கற்களைப் பரப்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. நாய் வழக்கமாகப் போகிற தடத்தில் ஒரு கடப்பைக் கல்லைப் பாலமாகப் போட்டுவிட்டால் பாதம் நோகாது. வருஷா வருஷம் புரட்டாசிக்குள் சருகையும் மேலே படிந்த மண்ணையும் எடுத்துவிட வேண்டும், விட்டால் மெல்ல அதுவே இன்னொரு பாத்தியாகிவிடும்.

பேவர் பிளாக் வாசலில் புழு ஓரத்திலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லிடுக்கு வழியாகக் கீழேயிருந்தும் வருகிறது. இடுக்குகளில் குட்டிக் குட்டிக் குவியலாக மண் கக்கியிருந்தால் இதுதான் விஷயம். வெறும் மண்ணை மட்டம் பண்ணி, மேலே மணல் தூவி, கல்லை அடுக்கிவிட்டுப் போன வேலைகளில் இது நடக்கும். இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றி அடைக்கலாம், கீழே இறுகிய படுகை இல்லாவிட்டால் வண்டி ஏறியதும் விரிசல் விடும். நிரந்தர வழி, கல்லைப் பெயர்த்து, நாலு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் பொடியும் போட்டு இறுக்கி, அதன்மேல் மறுபடி பதிப்பது. செலவு பெரிது, புதிதாகப் போடப் போகிறவர்கள் இப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஈரச் சிமெண்ட்டும் சுண்ணாம்பைப் போலக் காரமானது, அது இறுகும் வரை நாயையும் பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பாதத்தில் பட்டுவிட்டால் நக்குவதற்கு முன்னால் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

வாட்டம். எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்பது என் எண்ணம். தண்ணீர் தேங்குகிற வாசலுக்கு என்ன செய்தாலும் புழு வரும், தண்ணீர் ஓடிவிடுகிற வாசலுக்கு ஒன்றும் செய்யாமலே பாதி குறையும். 80 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் வாட்டம் இருந்தால் நல்லது, அதாவது 10 அடி வாசலுக்கு ஒன்றரை அங்குலம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தளத்தின் மேல் மேற்பூச்சாக வாட்டம் எடுக்கலாம், நிலைப்படிக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தாழ்வாரத்துக் கூரைத் தண்ணீர் வாசல் ஓரத்து மண்ணில் நேராகக் கொட்டினால் அதற்கு ஒரு தகர வாய்க்காலோ பைப்போ போட்டு மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சமயத்தில் பல வீடுகளில் இடமில்லாமல் வாசலை ஒட்டியே குழி எடுத்தார்கள். அந்தக் குழி தூர்ந்திருந்தால் அந்த ஓரம் முழுக்க ஊறியே கிடக்கும், தூர் வாரினாலே வித்தியாசம் தெரியும்.

இப்போது யாருக்கு எது? வாடகை வீடு என்றால் கூட்டுவது, தொட்டியை ஏற்றுவது, காலையில் தண்ணீர் விடுவது, இந்த மூன்றும் போதும், வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது எதுவுமில்லை. சொந்த வீடு, சிமெண்ட் வாசல், நாய் மட்டும் என்றால் வாட்டத்தைச் சரிபார்த்துவிட்டு ஜல்லிப் பட்டை. பூனை இருந்தால் அதோடு பினாயிலை வாசலில் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பேவர் பிளாக்கும் சின்ன பட்ஜெட்டும் என்றால் இந்த வருஷம் ஓரப் பட்டை, படுகை வேலை பிறகு. தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்கு, சுற்றியும் பாசன நிலம் என்பதால், புழுவை முழுக்க நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். அந்த மண்ணை உழாமல் உழுவது அதுதான். வாசற்படியைச் சுற்றி மட்டும் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், மற்ற இடத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் நடுவில் விட்டுப்போனது. மழைக்கு வெளியே வருவதெல்லாம் மண்புழு இல்லை. கறுத்து, பளபளவென்று, வளையமில்லாமல், தொட்டால் வேகமாக நெளிந்து ஓடுவது புழுப்பாம்பாக இருக்கலாம், விஷமில்லாத சின்ன உயிர், மண்ணுக்குள் வாழ்வது, பூந்தொட்டியிலும் இருக்கும், அள்ளி மண்ணில் விட்டுவிடுங்கள். தட்டையாக, வழவழப்பாக, தலை மட்டும் விசிறி மாதிரி விரிந்திருப்பது மண்புழுவையே தின்கிற தட்டைப்புழு, அதைக் கையால் தொடாமல் குச்சியால் எடுங்கள், பூனை கவ்வினால் வாந்தி எடுக்கும்.

ஏற்கெனவே யாராவது மருந்து தூவி, நாயோ பூனையோ அதில் பட்டுவிட்டது என்றால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது இன்னொரு விஷம். பாதத்தையும் வாய் ஓரத்தையும் கழுவி, நக்காதபடி துணியால் சுற்றி, மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் குருணை மருந்து என்றால் தூரம் பார்க்க நேரம் இருக்காது, முதல் ஊசி பக்கத்திலேயே விழ வேண்டும். டாக்டரின் போன் நம்பரை மழைக்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டமோ பட்டையோ எடுக்கிற வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுவது நல்லது, தீபாவளி நெருங்கினால் கொத்தனார் கிடைப்பது கஷ்டம், மழையும் பிடித்துக்கொள்ளும். கூலி கொடுப்பதற்கு முன்னால் அவரை வைத்துக்கொண்டே நிலைப்படி ஓரத்திலிருந்து ரெண்டு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து எங்காவது குட்டையாக நின்றால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, அதையும் சரி செய்த பிறகு கணக்கை முடியுங்கள்.